நாம ஜெயிச்சிட்டோம்

2019 மே மாதம் 12-ம் தேதி இரவு ஹைதராபாத்தில் கடைசிப் பந்தில் ஷர்துல் தாக்கூர் எல்.பி.டபிள்யூ. ஆனதும், ஒரே ஒரு ரன்னில் ஐ.பி.எல். கோப்பையை மும்பையிடம் பறிகொடுத்தது சென்னை சூப்பர் கிங்ஸ். முழங்காலில் ரத்தம் கசிய 80 ரன் அடித்த வாட்சனின் படம் அதற்குப் பிறகு எத்தனை நாள் செல்போன்களில் சுற்றியது என்று தமிழ்நாட்டில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. சரியாகப் பத்து நாள் கழித்து, மே 22 அன்று, பஞ்சாபின் லூதியானாவில் குருநானக் ஸ்டேடியத்தில் மதுரை அணி ஒன்று மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று தோற்கடித்து இந்திய மகளிர் கால்பந்து லீகின் சாம்பியன் ஆனது. அணியின் பெயர் சேது எஃப்.சி. மறுநாள் காலை நாடாளுமன்றத் தேர்தலின் வாக்கு எண்ணிக்கை. கூடவே தமிழ்நாட்டில் 22 சட்டமன்றத் தொகுதிகளின் இடைத்தேர்தல் முடிவுகள். மதுரைக்காரர்களுக்கு அதில் திருப்பரங்குன்றம் வேறு. யார் ஜெயித்தார்கள் என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லாத அந்த நாளில், உண்மையில் ஜெயித்துவிட்ட ஒரு மதுரை அணியைப் பற்றிப் பேச ஆளில்லை. தோற்ற அணிக்காகப் பத்து நாள் துக்கம் காத்த ஊருக்கு, வென்ற அணி ஒன்று தன்னிடம் இருப்பதே தெரியவில்லை.

டி. கல்லுப்பட்டியிலிருந்து பார்த்தால் இந்த வினோதம் இன்னும் துலக்கமாகத் தெரியும். மதுரையிலிருந்து திருமங்கலம் வழியாக ராஜபாளையம் போகிற சாலையில் இருக்கும் ஊர் இது. சேது அணிக்குத் தாய்வீடான சேது பொறியியல் கல்லூரி இருப்பது காரியாபட்டியை அடுத்த புல்லூரில். மாவட்டம் விருதுநகர் என்று மாறினாலும், வானம் பார்த்த அதே பூமிதான். அதே கரிசல், அதே கருவேல மரம். ஆனால் இந்தப் பக்கத்து ஊர்களில் சாயங்காலம் பந்து உதைக்கும் பையன்களின் முதுகைப் பார்த்தால் ஏழாம் எண்ணோ பத்தாம் எண்ணோதான் இருக்கும். ரொனால்டோ, மெஸ்ஸி. லிஸ்பனுக்கு அப்பால் அட்லாண்டிக் தீவு ஒன்றில் பிறந்தவரும், அர்ஜென்டினாவின் ரொசாரியோவில் பிறந்தவரும் கல்லுப்பட்டிப் பையனுக்குச் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டார்கள். பக்கத்து மாவட்டத்தில் பயிற்சி எடுக்கும் சாம்பியன்கள் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால் கைவசம் இரண்டு பதில்கள் உண்டு. பெண்கள் ஆடும் ஆட்டத்தை நம்மவர்கள் பார்ப்பதில்லை என்பது ஒன்று. கிரிக்கெட் எல்லாவற்றையும் தின்றுவிட்டது என்பது இன்னொன்று. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனாலும் போதாது. கிரிக்கெட் வெறிக்குக் கேரளம் சளைத்ததல்ல; அங்கே கால்பந்துக்குக் கூட்டம் அலைமோதுகிறது. ஆண்கள் அணி ஒன்று தமிழ்நாட்டு மண்ணிலேயே தேசிய லீகை வென்றிருக்கிறது. அதையும் நாம் மறந்தாயிற்று. ஒரு ரசிகனின் பெருமை எங்கிருந்து வருகிறது என்பதில்தான் நம் கணக்கு பிசகியிருக்கிறது என்று நினைக்கிறேன். கோப்பை வந்தால் பெருமை தானாக வந்துவிடும் என்று நம்புகிறோம். பெருமையை வளர்ப்பது காலண்டர். இந்தத் தேதி, இந்த நேரம், நம்ம ஆட்டம் என்று வாரம் தவறாமல் வந்து போகிற பழக்கம். கோப்பை அந்தப் பழக்கத்தின் மேல் விழும் மழை. நிலமே இல்லாத இடத்தில் அது பெய்தும் பயனில்லை.

இதைத் தமிழிலேயே யோசிப்பது சுலபம், ஏனென்றால் நம் மொழியில் அதற்கான கருவி ஏற்கெனவே இருக்கிறது. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் ‘நாம்’, அவரை வெளியே நிறுத்தினால் ‘நாங்கள்’. அமெரிக்காவில் 1976-ல் ராபர்ட் சியால்டினியும் சக உளவியலாளர்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஏழு பல்கலைக்கழகங்களில், தங்கள் கல்லூரி அணி வென்ற வாரத்துக்கு அடுத்த திங்கட்கிழமை கல்லூரிப் பெயர் போட்ட உடைகளை மாணவர்கள் கூடுதலாக அணிந்து வந்ததை அவர்கள் எண்ணிக் கணக்கிட்டார்கள். போனில் பேசிப் பார்த்தபோது, ஜெயித்த ஆட்டத்தைச் சொல்கையில் ‘நாங்கள்’ என்ற பொருளுள்ள சொல் அதிகம் வந்தது. தோற்ற ஆட்டத்தைச் சொல்கையில் குறைந்தது. ஆங்கிலத்தில் ‘நாம்’, ‘நாங்கள்’ இரண்டுக்கும் ஒரே சொல்தான் என்பதால் அந்த ஆய்வு அங்கேயே நின்றுவிட்டது. தமிழில் அதே பரிசோதனையைச் செய்தால் இன்னும் ஒரு படி உள்ளே போகலாம். டீக்கடையில் முன்பின் தெரியாதவரிடம் ‘நாம ஜெயிச்சிட்டோம்ணே’ என்று சொல்பவர், தன்னை அணியில் சேர்த்துக்கொள்வதோடு நிற்கவில்லை. டீ குடித்துக்கொண்டிருக்கும் அந்த அண்ணனையும் சேர்த்துவிட்டார். அவர் மறுத்தால்தான் உண்டு. வெற்றியின் மேல் கைவைக்கும் உரிமையைக் கேட்காமலே வாரி வழங்குகிற இந்தத் தாராளத்தைச் சிலர் கேலி செய்கிறார்கள். எனக்கு அது ரசிகத்தன்மையின் மையமாகவே படுகிறது.

கேலி செய்பவர்களின் வாதம் எளிமையானது, பலமானதும்கூட. ஓடியது அவர்கள், வியர்த்தது அவர்கள், காலை ஒடித்துக்கொண்டது அவர்கள். கேலரியில் கடலை கொறித்தவருக்கு இதில் என்ன பங்கு? அடுத்தவர் உழைப்பில் குளிர்காய்வதற்குப் பெருமை என்று பெயரா? இதற்குப் பதில் தேட டி. கல்லுப்பட்டியை விட்டு வெளியே போக வேண்டாம். காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தது இங்குள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில். நிலைத்த பொருளாதாரம் பற்றிச் சிறையில் இருந்தபோது அவர் எழுதிய நூலில், உயிர்கள் பிழைக்கும் வழிகளை ஐந்தாகப் பிரிக்கிறார். அவற்றில் ஒன்று மாந்தோப்பில் புகுந்த குரங்கின் வழி: நட்டதும் இல்லை, தண்ணீர் ஊற்றியதும் இல்லை, பழம் மட்டும் தின்னும். இன்னொன்று தேனீயின் வழி: தனக்கென்று இல்லாமல் கூட்டுக்காகச் சேர்க்கும். குமரப்பாவுக்கும் கால்பந்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அவர் கேட்டால் சிரித்திருப்பார். ஆனால் ரசிகர்களிலும் இந்த இரண்டு இனம் இருப்பது கண்கூடு. கோப்பை வாங்கிய வாரத்தில் ஜெர்சி வாங்கி, அடுத்த சீசனில் வேறு நிறத்துக்குத் தாவுகிறவர் மாந்தோப்புக் குரங்கு. சியால்டினி எண்ணியது பெரும்பாலும் இவர்களைத்தான். மற்றவர் தேனீ; ஆட்டத்துக்கு அவரும் ஏதோ சேர்க்கிறார். டிக்கெட்டுக்குக் கொடுக்கிற காசைச் சொல்லவில்லை. அது சிறிய விஷயம். கத்துவதும் காத்திருப்பதும்கூட ஆட்டத்தின் ஒரு பாகம் என்பதற்குக் கொரோனா காலம் சாட்சி தந்துவிட்டது. 2020 மே மாதத்தில் ஜெர்மனியின் பண்டஸ்லிகா காலி ஸ்டேடியங்களில் திரும்பத் தொடங்கியது. ஐரோப்பாவின் மற்ற லீகுகளும் பின்தொடர்ந்தன. அந்த ஆட்டங்களை ஆராய்ந்த பலரும் ஒன்றைக் கண்டார்கள்: சொந்த மண்ணில் ஆடும் அணிக்கு வழக்கமாக இருக்கும் சாதகம் குறைந்தது, வெளியூர் அணிக்கு ரெஃப்ரி காட்டும் மஞ்சள் அட்டைகளும் குறைந்தன. அதாவது கேலரியில் இருந்தவர்கள் இத்தனை வருடமாக ஏதோ செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் இல்லாமல் போனபோதுதான் அது கணக்கில் தெரிந்தது.

காத்திருப்பது என்றால் என்ன என்பதற்குச் சென்னையின் எஃப்.சி.யின் வரலாற்றைவிட நல்ல உதாரணம் தமிழ்நாட்டில் இல்லை. 2014-ல் இந்தியன் சூப்பர் லீகோடு பிறந்த அணி. ஸ்டேடியத்தின் ஒரு பகுதியின் பெயரையே தங்கள் பெயராக்கிக்கொண்ட ‘பி ஸ்டாண்டு ப்ளூஸ்’ ரசிகர் குழுவும், ‘சூப்பர் மச்சான்ஸ்’ குழுவும் கூடவே வளர்ந்தன. பெரியமேட்டில் இருக்கும் ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்துக்கு, கடல் கண்ணுக்குத் தெரியாத அந்த இடத்துக்கு, ‘மெரினா அரினா’ என்று பெயர் வைத்த வேடிக்கையையும் சகித்துக்கொண்டார்கள். 2015 சீசனின் பிற்பகுதியில் அணி அட்டவணையின் அடியில் கிடந்தது. பிறகு வரிசையாக வென்று அரையிறுதிக்குள் நுழைந்தபோது டிசம்பர் பெருவெள்ளம் சென்னையை மூழ்கடித்திருந்தது. சொந்த மண்ணில் நடக்க வேண்டிய அரையிறுதி ஆட்டம் புனேவுக்குப் போனது. மெண்டோசாவும் கூட்டாளிகளும் அங்கே கொல்கத்தாவை 3-0 என்று சாய்த்தார்கள். டிசம்பர் 20 அன்று கோவாவின் ஃபதோர்டாவில் இறுதி ஆட்டம். 87-வது நிமிடத்தில் கோவா 2-1 என்று முந்தியது. 90-வது நிமிடத்தில் கோவா கோல்கீப்பர் கட்டிமணியின் கையில் பட்டுப் பந்து அவர் வலைக்குள்ளேயே போனது. இஞ்சுரி டைமில் மெண்டோசா அடித்த கோல் 3-2. இது முதல் கோப்பை. இரண்டாவது 2018 மார்ச் 17-ல், பெங்களூருவில், பெங்களூருவுக்கு எதிராகவே. லீகில் எட்டுப் புள்ளி முன்னால் இருந்த அணி அது; சுனில் சேத்ரி ஒன்பதாவது நிமிடத்திலேயே கோல் போட்டுவிட்டார். கார்னரில் எழும்பி மைல்சன் ஆல்வ்ஸ் தலையால் இரண்டு, ரஃபேல் அகஸ்டோ ஒன்று. மீண்டும் 3-2. அந்த அணியின் நடுக்களத்தில் வியாசர்பாடியின் தனபால் கணேஷ் இருந்தார்.

கதை இங்கே முடிந்திருந்தால் வெற்றிப் பெருமை என்று எழுதிவிட்டுப் போகலாம். அடுத்த சீசன், 2018-19. அதே பயிற்சியாளர் ஜான் கிரிகோரி, கிட்டத்தட்ட அதே அணி. 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றி, ஒன்பது புள்ளி, பத்து அணிகளில் பத்தாவது இடம். நடப்பு சாம்பியன் கடைசி இடத்துக்குப் போவதைப் பார்க்க ஒவ்வொரு முறையும் டிக்கெட் எடுத்துப் பெரியமேட்டுக்கு வந்தவர்கள் இருந்தார்கள். அதற்கடுத்த சீசனும் மோசமாகத்தான் தொடங்கியது. கிரிகோரி போய் ஓவன் கோய்ல் வந்தார். அணி மளமளவென்று ஏறி இறுதி ஆட்டம் வரைக்கும் போனது. அந்த இறுதி ஆட்டம் 2020 மார்ச் 14-ல் அதே ஃபதோர்டாவில், கொரோனாவால் பூட்டிய கதவுக்குப் பின்னால், ஒரு ரசிகர்கூட இல்லாமல் நடந்தது. 3-1 என்று கொல்கத்தா வென்றது. பதினாறு மாத அவமானத்தைத் தாங்கியவர்களுக்கு அதற்கான நாளில் உள்ளே இடமில்லை. இந்த மூன்று சீசனையும் பார்த்த ஒருவர் ‘நாம’ என்று சொல்லும்போது அதில் 2018-ன் கோப்பை எவ்வளவோ, 2019-ன் பத்தாவது இடமும் அவ்வளவு இருக்கிறது. கோப்பையை மட்டும் வைத்துக்கொண்டு கடைசி இடத்தைத் திருப்பிக் கொடுக்க அவரால் முடியாது. அவர் பெருமைக்கு எடை வருவது அதனால்தான்.

இதோடு சென்னை சிட்டி எஃப்.சி.யை வைத்துப் பாருங்கள். பெயரில் சென்னை, ஆடியது கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில். சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பயிற்சியாளர். பெட்ரோ மான்சி அந்த சீசனில் 21 கோல் அடித்தார். 2019 மார்ச் 9, ஐ-லீகின் கடைசி நாள். வென்றால் கோப்பை, சறுக்கினால் ஒரு புள்ளி பின்னால் நிற்கும் ஈஸ்ட் பெங்கால் தட்டிக்கொண்டு போகும். மினெர்வா பஞ்சாப் முதல் கோலைப் போட்டதும் ஸ்டேடியத்தில் பேச்சு நின்றது. பிறகு மான்சியின் பெனால்டி, கவுரவ் போராவின் இரண்டு கோல்கள், 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் வென்றது, 43-க்கு 42 என்று கோப்பை கோவையில் நின்றது. தமிழ்நாட்டு மண்ணில் வைத்தே வென்ற தேசிய லீக். சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் 26 சதவீதப் பங்கு வாங்கியது; எதிர்காலம் ஜொலித்தது. அடுத்து கொரோனா. 2020-21 லீக் முழுவதும் வங்காளத்தில் நடந்தது. அதற்குப் பிறகு ஐ-லீகில் அந்த அணியைக் காணவில்லை. கோவையில் ஒரு ஊர்வலம் இல்லை, கொடும்பாவி இல்லை, கண்ணீரும் இல்லை. அந்த அமைதிக்காகக் கோவைக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஓர் அணி சொந்த ஊர்க்காரர்களின் நாவில் ‘நாம’ ஆவதற்குச் சில வருடம் எடுக்கும். அந்த வருடங்களைக் கொடுக்காமல் கோப்பையை மட்டும் கொடுத்தது அந்த அணி. இங்கிலாந்தில் இதற்கு நேர்மாறான கதை ஒன்று உண்டு. விம்பிள்டன் அணியின் முதலாளிகள் அதை சுமார் 90 கிலோமீட்டர் தள்ளி மில்டன் கீன்ஸுக்குப் பெயர்த்துக்கொண்டு போக 2002-ல் அனுமதி வாங்கினார்கள். ரசிகர்கள் பின்னால் போகவில்லை. ஊர்ப் பொதுத் திடலில் ஆட்டக்காரர்களைத் தேர்வு செய்து, தாங்களே உரிமையாளர்களாக ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று புதிய அணியை ஆரம்பித்தார்கள். ஒன்பதாவது அடுக்கில் தொடங்கிய அந்த அணி 2011-ல் தொழில்முறை லீகுக்குள் ஏறிவிட்டது. பழைய ரசிகர்களின் பலம் அவ்வளவு. பழக்கம் அவ்வளவு ஆழம். கோவையில் அப்படி ஒன்று முளைக்காததற்கு அங்கே ஆர்வம் குறைவு என்பது காரணமில்லை. வேர் பிடிக்க அவகாசம் கிடைக்கவில்லை.

கோப்பைக்கும் பெருமைக்கும் இடையில் நாம் போட்டு வைத்திருக்கும் முடிச்சை அவிழ்க்க வேண்டுமானால் கொச்சிக்குப் போக வேண்டும். கேரளா பிளாஸ்டர்ஸ் 2014, 2016, 2021-22 என மூன்று முறை சூப்பர் லீகின் இறுதி ஆட்டத்துக்குப் போய் மூன்றிலும் தோற்றது. அந்த மூன்றாவது தோல்வி பெனால்டியில். ஆனால் ‘மஞ்சப்படை’ என்று அழைக்கப்படும் அதன் ரசிகர் கூட்டத்தைப் போல இந்தியக் கால்பந்தில் இன்னொன்றைச் சொல்வது கஷ்டம். கொச்சியில் கோப்பை இல்லாமல் மஞ்சள் கடல். மதுரையில் கோப்பையோடு காலி நாற்காலி. இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டுமா?

அப்படியானால் சேதுவுக்கு என்ன குறை என்று கேட்கலாம். ஆட்டத்தில் குறையே இல்லை. 2016-ல் தொடங்கி மூன்றே வருடத்தில் தேசிய சாம்பியன். 2021-22-ல் புவனேஸ்வரில், பத்து ஆட்டம் ஆடிப் பத்திலும் வென்ற சேதுவும், அதேபோல் பத்துக்குப் பத்து வைத்திருந்த கோகுலம் கேரளாவும் கடைசி ஆட்டத்தில் மோதின. ஒரு திரைக்கதை எழுத்தாளர் எழுதினால் நம்பகத்தன்மை போதாது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். கோகுலம் 3-1 என்று வென்றது. குறை இருந்தது லீகின் அமைப்பில். 2019-ல் மொத்த மகளிர் லீகும் மே மாதம் மூன்று வாரத்துக்குள், ஒரே ஊரில், பஞ்சாபின் வெயிலில் நடந்து முடிந்தது. 2022-லும் எல்லா ஆட்டமும் ஒடிசாவில். மதுரையின் பெயரைச் சுமந்த அணி மதுரையின் கண்ணெதிரே ஆடாமலே சாம்பியன் ஆனது. கல்லுப்பட்டிக்காரர் எந்தச் சனிக்கிழமையை ஒதுக்கி வைப்பார்? பெண்கள் ஆட்டம் என்பதால் பார்க்கவில்லை என்று சொல்கிறவர்கள், பார்க்க என்ன வழி வைத்திருந்தோம் என்றும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு மகளிர் அணி 2018-லும் 2023-லும் தேசிய சீனியர் சாம்பியன்ஷிப்பை வென்றிருக்கிறது. அந்த இரண்டு இறுதி ஆட்டங்களும் நடந்தது கட்டாக்கிலும் அமிர்தசரஸிலும். நம் பெண்கள் ஜெயித்த இடங்களின் வரைபடத்தைப் போட்டால், அதில் நாம் இல்லாத ஊர்களாகவே வரும்.

இங்கே ஒரு நியாயமான குறுக்குக் கேள்வி வரும். மெஸ்ஸியும்தான் கல்லுப்பட்டிக்கு வந்து ஆடியதில்லை. அவர் எப்படி ‘நம்மாளு’ ஆனார்? தூரம் தடை இல்லையே? உண்மை, தூரம் தடை இல்லை. டி.வி. அந்தக் காலண்டரைத்தான் வீட்டுக்குள் கொண்டுவந்தது. சனி, ஞாயிறு ராத்திரி ஐரோப்பிய ஆட்டம் என்பது ஆண்டுக்கு ஒன்பது மாதம் மாறாத விஷயம். பார்சிலோனா எப்போது ஆடும் என்று ஒன்பதாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும். சேது எப்போது ஆடும் என்று அவன் அப்பாவுக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இருந்ததில்லை. இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் டேனியல் வான் நெடுங்காலம் ரசிகர்களை ஆராய்ந்தவர். சொந்த வட்டார அணியோடு ஒட்டிக்கொண்டவர்களிடம் தனிமை உணர்வு குறைவாகவும் பிறரோடு இணக்கம் கூடுதலாகவும் இருப்பதை அவரது ஆய்வுகள் காட்டின. தூரத்து அணியோடு ஒட்டிக்கொள்வதால் அந்தப் பலன் அவ்வளவாகக் கிடைக்கவில்லை. காரணம் ஊகிக்கக் கடினமில்லை. செல்போனில் பார்சிலோனா பார்க்கும் பையன் தனியாகப் பார்க்கிறான். ‘நாம’ என்று சொல்லப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும்.

அடுத்த ஆட்சேபம், ‘நம்ம டீம்னு சொல்றீங்களே, அதுல நம்மூர் ஆளு எத்தனை பேரு?’ என்பது. சேதுவின் 2019 அணியில் கடலூர் இந்துமதி கதிரேசன் இருந்தார். நேபாளத்தின் சபித்ரா பண்டாரியும் இருந்தார். மணிப்பூர்ப் பெண்களும் இருந்தார்கள். சம்பளம் வாங்கி ஆடுபவர்கள், அடுத்த வருடம் வேறு அணி. இதில் மதுரை எங்கே? இதற்கு ஏழூர்க்காரர்களிடம் பதில் இருக்கிறது. டி. கல்லுப்பட்டி வட்டாரத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏழூர் முத்தாலம்மன் சப்பரத் திருவிழா நடக்கும். ஏழு ஊருக்குமான அம்மன் சிலைகள் உருவாவது அம்மாபட்டியில். மற்ற ஊர்க்காரர்கள் மூங்கிலால் கட்டி வண்ணம் போர்த்திய நெடுஞ்சப்பரத்தைத் தோளில் சுமந்து வயல் வரப்பு பாராமல் அம்மாபட்டிக்கு வந்து, தங்கள் அம்மனை வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். மண் அம்மாபட்டி மண், கை அம்மாபட்டிக் கை. ஆனால் தோள் கொடுத்து ஊருக்குத் தூக்கிக்கொண்டு வந்த நொடியிலிருந்து அது கல்லுப்பட்டி அம்மன். தேவன்குறிச்சிக்குப் போனது தேவன்குறிச்சி அம்மன். எங்கே செய்தது என்று யாரும் கேட்பதில்லை. யார் சப்பரம் உயரம் என்ற போட்டியோ வஞ்சனையில்லாமல் நடக்கும். அணியும் இப்படித்தான். சபித்ரா காத்மாண்டுவில் பிறந்தாரா கப்பலூரில் பிறந்தாரா என்பது பிரச்சினை இல்லை. தூக்கிக்கொண்டு வர ஊர் போனதா என்பதுதான் கேள்வி. லூதியானாவுக்கு யாரும் போகவில்லை. திரும்பியபோதும் தோள் கொடுக்கப் பெரிதாக ஆளில்லை.

பெருமை வெறியாக மாறும் என்ற பயத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. 1980 ஆகஸ்ட் 16 அன்று கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில் ஈஸ்ட் பெங்கால்-மோகன் பகான் ஆட்டத்தில் கலவரம் மூண்டு 16 ரசிகர்கள் மாண்டார்கள். அதே மோகன் பகான்தான் 1911-ல் கிட்டத்தட்ட எல்லோரும் வெறுங்காலோடு ஆடி, ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட்டை 2-1 என்று வென்று, வெள்ளைக்காரனை அவன் ஆட்டத்திலேயே தோற்கடிக்கலாம் என்று ஒரு நாட்டுக்குக் காட்டியது. இரண்டும் ஒரே ஊர், ஒரே பற்று. ஊர்ப்பற்று கைகலப்பாகும் ஆபத்து தென் மாவட்டங்களுக்குத் தெரியாததல்ல. இங்கே சாதியும் அதில் கலந்துகொள்ளக் காத்திருக்கும். எனக்குத் தோன்றும் பதில் முழுமையானது என்று சொல்ல மாட்டேன். பிறப்பால் வந்த அடையாளத்தை மாற்ற முடியாது. அணி என்பது எவரும் டிக்கெட் வாங்கிக்கொண்டு நுழையக்கூடிய அடையாளம். பி ஸ்டாண்டில் உட்கார எந்தத் தெரு என்று கேட்பதில்லை. சப்பரத்துக்கு எந்தத் தோள் உரிமை உள்ளது என்ற கேள்வி எழும் ஊர்களில், எல்லாத் தோளுக்கும் இடமுள்ள ஒரு சப்பரம் கிடைப்பது சின்ன விஷயமில்லை.

மகளிர் லீக் 2023-24-ல் உள்ளூர்-வெளியூர் முறைக்கு மாறியது. ஆட்டங்கள் மாதக்கணக்கில் பரவி, ஒவ்வோர் அணியும் தன் மண்ணிலும் எதிரியின் மண்ணிலும் ஆடியது. தேதி வைக்க முடியும் என்று அது காட்டியது. அந்தத் தேதி இனி சுவருக்கு வர வேண்டும். ஏழூர்த் திருவிழாவுக்கும் காதணி விழாவுக்கும் நோட்டீஸ் ஒட்டும் அதே சுவரில், ஓர் ஆட்டத்தின் தேதியும் எந்த பஸ் என்பதும் ஒட்டியிருந்தால் போதும். மிச்சத்தை ஊர் பார்த்துக்கொள்ளும். பள்ளிகள் முதல் வருடம் இலவசமாக வண்டி விட்டால் இன்னும் நல்லது. கோப்பை வருகிற சீசனாக அது இருக்க வேண்டியதுகூட இல்லை. சேது சொந்த மண்ணில் இரண்டு கோல் வாங்கித் தோற்கிற ஒரு மாலை வரட்டும். திருமங்கலத்தில் பஸ் மாறி, ராத்திரி கல்லுப்பட்டியில் இறங்குகிற பையனிடம் வீட்டில் ஆட்டம் என்ன ஆச்சு என்று கேட்பார்கள். ‘அவங்க தோத்துட்டாங்க’ என்கிறானா, ‘நாம தோத்துட்டோம்’ என்கிறானா என்று காது கொடுத்துக் கேளுங்கள்.